வெந்நீர் அடுப்பில் போட்ட காகிதம்

2007 மே மாதம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம் மவன் கொடைக்கானல் கேம்ப்ல கவுன்சிலரா போறான்." எதிர்வீட்டுப் பெரியம்மா உடனே கேட்டார்: "எந்தக் கட்சி?"

தமிழ்நாட்டில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். தெருவிளக்கு எரியலை, தண்ணி வரலை என்று போய் நிற்க வேண்டிய ஆள். எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி வார்டு. ஒரு அறை, எட்டுப் பையன்கள், நான்கு இரவுகள். எல்லாருக்கும் 13, 14 வயது. காலையில் எழுப்ப வேண்டும், பல் தேய்க்க வைக்க வேண்டும், வேத வசனம் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும், இரவில் விளக்கை அணைத்தபின் யாரும் எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது 19 வயது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். சம்பளம் கிடையாது, தன்னார்வப் பணி. ஆனால் ஓசியில் கொடைக்கானல். சும்மா சொல்லக்கூடாது, அதுவும் ஒரு காரணம்தான்.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, சபை மண்டபத்தில், டீ பிஸ்கட்டோடு இரண்டரை மணி நேரம். ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள் கொடுத்தார்கள். பையன்களை அடிக்கக்கூடாது, தனியாக மலையோரம் விடக்கூடாது, சாப்பிடும் முன் ஜெபம் பண்ண வைக்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு விதிகள். கடைசி விதி: பிள்ளைகள் மனம்திறந்து சொல்வதை யாரிடமும் சொல்லக்கூடாது, அது உங்களுக்கும் அவர்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கட்டும். அந்த வரியின் கீழே நான் பேனாவால் கோடு போட்டேன். பெரிய மனுஷன் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

இந்தக் கேம்ப் என்ற சங்கதி எங்கிருந்து வந்தது என்று நான் தேட ஆரம்பித்தது பல வருஷம் கழித்து. ஏன் தேடினேன் என்பது போகப்போகத் தெரியும். முதலில் தேடிக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

*

கோடைக் கேம்ப்பின் தொடக்கம் என்று அமெரிக்கர்கள் வழக்கமாகக் காட்டுவது 1861ஆம் வருஷத்தை. அந்த ஏப்ரலில்தான் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சின்ன ஊரில் ஃபிரெடரிக் கன் என்பவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். அடிமை ஒழிப்பை ஆதரித்துப் பேசியதற்காக முன்பு சொந்த ஊர்க்காரர்களாலேயே ஒதுக்கிவைக்கப்பட்டவர். போர்ச் செய்தி கேட்ட பையன்களுக்குப் பள்ளியில் இருப்புக்கொள்ளவில்லை. சிப்பாய் மாதிரி நடை பழகினார்கள், ராத்திரி வெளியே படுத்துப் பார்த்தார்கள். சரி, நிஜமாகவே போகலாம் வாங்கடா என்று கன் மொத்தப் பள்ளியையும் கூட்டிக்கொண்டு சுமார் 40 மைல் தொலைவில் இருந்த கடற்கரைக்குக் கிளம்பினார். இரண்டு வாரம் கூடாரம், படகு, மீன்பிடிப்பு. பிறகு அது பள்ளியின் வழக்கமாகிவிட்டது.

ஆக, கேம்ப்பின் முதல் அச்சு ராணுவ முகாம். விசில், வரிசை, கொடியேற்றம், அணிகளுக்குப் பெயர், அறைச் சோதனைக்கு மதிப்பெண் என்று இன்றும் எந்தக் கேம்ப்புக்குப் போனாலும் அந்த ஜாடை தெரியும். எங்கள் கேம்ப்பில் போர்வையைச் சதுரமாக மடித்த அறைக்கு 10 மார்க். எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை, பையன்களும் கேட்கவில்லை.

கிறிஸ்தவ அமைப்புகள் இதற்குள் வந்த பாதை வேறு. 1844ல் லண்டனில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் தன் நண்பர்களோடு சேர்ந்து ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். கிராமத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, கடை மாடியிலேயே படுத்துக்கிடக்கும் இளைஞர்கள் சாராயக்கடைப் பக்கம் போய்விடக்கூடாது என்பது அவர் கவலை. நகரம் கெடுக்கும் என்ற அந்தப் பயமே அடுத்த தலைமுறையில் "அப்படியானால் பையன்களை நகரத்தைவிட்டு வெளியே கூட்டிப்போ" என்று மாறியது. 1885ல் சம்னர் டட்லி என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு ஏரிக்கரைக்கு ஏழு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஏழு பேர் கேம்ப் அவர் பெயரிலேயே இன்றுவரை நடக்கிறது.

ஏழு பையன்கள், ஒரு பெரியவர். இந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

*

இன்னொரு கிளை கடற்கரையிலிருந்து வருகிறது. 1867 ஜூனில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு வீட்டுக் கூடத்தில் 15 பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசினார். அதுவரை சபைகளில் பிள்ளைகள் என்றால் பெரியவர்களின் நீளமான பிரசங்கத்தைச் சத்தம் போடாமல் சகித்துக்கொள்ள வேண்டியவர்கள். இவர் அவர்கள் பாஷையில், கதையாக, பாட்டாகப் பேசினார். அடுத்த கோடையில் வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரைக்குப் போனபோது, மணலில் தேவ அன்பைப் பற்றி ஒரு சிறு வாசகத்தைப் பெரிய எழுத்துகளில் வரைந்தார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, கூழாங்கல்லும் கடற்பாசியும் வைத்து அதை அலங்கரிக்கச் சொன்னார். அலங்கரித்து முடித்ததும் கதை சொன்னார். இதிலிருந்து வளர்ந்த அமைப்புதான் பிறகு ஸ்கிரிப்சர் யூனியன் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது.

நியூயார்க்கில் 1898ல் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, கோடை விடுமுறையில் தெருவில் சுற்றிய ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பியர் கடை இடத்தை வாடகைக்கு எடுத்து வேதப் பள்ளி நடத்தினார். பாட்டு, கதை, கைவேலை. 1901ல் ராபர்ட் போவில் என்ற பாப்டிஸ்ட் ஊழியர் அதைப் பல இடங்களில் நடத்தத் தொடங்க, அது ஒரு இயக்கமானது. எங்க ஊர்ப் பிள்ளைகள் மே மாதம் தலையில் காகிதத் தொப்பியும் கையில் கொடியுமாக "வி.பி.எஸ்." என்று தெருவில் ஊர்வலம் போகிறார்களே, அதன் பூர்வீகம் ஒரு பியர் கடை. சபையில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொடைக்கானலுக்கு வருவோம். அந்த ஊரையே மிஷனரிகளின் கோடை விடுமுறை என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷன் 1834ல் மதுரைக்குக் கிளை பரப்பியது. சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் மிஷனரிகளும் அவர்கள் பிள்ளைகளும் செத்துக்கொண்டே இருந்தார்கள். பிழைக்க வழி தேடி 1845ல் பழனி மலைமேல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். பங்களாவுக்கு மரமும் ஓடும் பெட்டி படுக்கையும் சுமந்துகொண்டு ஏறிய கூலிகளின் பெயர் எந்தக் கல்லறையிலும் பொறிக்கப்படவில்லை. 1901ல் மிஷனரி பிள்ளைகளுக்கென்று ஏரிக்கரையில் பள்ளிக்கூடம் வந்தது. நாங்கள் வத்தலக்குண்டு தாண்டி, பையன்கள் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துக்கொண்டே ஏறியது அந்த மலைக்குத்தான். பாதிப் பேர் அதுவரை மலையையே கிட்டத்தில் பார்த்ததில்லை. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் மேகம் ரோட்டைக் கடப்பதைப் பார்த்து, "ஏல, புகை அடிக்கான்ல" என்று கத்தினான். கொசுமருந்து வண்டி என்று நினைத்துவிட்டான்.

அந்த நான்கு நாளின் சந்தோஷம் பொய்யில்லை. அதையும் எழுதியாக வேண்டும். ஆக்‌ஷன் பாட்டில் தொண்டை கட்டும்வரை கத்தினோம். ரசம் சோற்றுக்கு அடுத்த மேசையோடு போட்டி போட்டோம். காலையில் ஆவி பறக்கும் அண்டாவிலிருந்து ஆளுக்கு அரை வாளி வெந்நீர்தான் கிடைக்கும், அதற்கு வரிசை. வீட்டில் யாருடைய வாயிலும் தன் பெயர் அன்பாக வந்து கேட்டிராத பையன்கள் அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டார்கள். என்னை "அண்ணே, அண்ணே" என்று எட்டுப் பேர் சுற்றிவந்தபோது என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் யாருக்கோ வேண்டிய ஆளாக இருந்தேன்.

*

கேம்ப் தெரிந்த எல்லாருக்கும் மூன்றாம் இரவு தெரியும். முதல் நாள் அறிமுகம், இரண்டாம் நாள் விளையாட்டு, மூன்றாம் நாள் ராத்திரி தீர்மானம். விளக்கு குறையும். கிடார் மெதுவாக வாசிக்கப்படும். பேசுகிறவர் குரல் இறங்கும். எல்லாரும் கண்ணை மூடுங்கள், இயேசுவுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள். பிறகு முன்னால் வாருங்கள். பிறகு தீர்மான அட்டையை நிரப்புங்கள்.

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் திருவிருந்து ஆராதனைக்காக ஆயிரக்கணக்கான ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து காட்டில் நாள்கணக்காகத் தங்கினார்கள். இரவில் தீவட்டி வெளிச்சம், ஒரே நேரத்தில் பல பிரசங்கிகள், அழுகை, நடுக்கம், மயங்கி விழுதல். "கேம்ப் மீட்டிங்" என்ற வடிவம் இப்படித்தான் பிரபலமானது. 30 வருஷம் கழித்து சார்லஸ் ஃபின்னி அதை ஒழுங்குபடுத்தினார். வக்கீல் தொழிலிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர். கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு பெஞ்சைக் காலியாக வைத்தார். மனம் கலங்கியவர்கள் எழுந்து வந்து அதில் உட்கார வேண்டும். எழுப்புதல் என்பது அற்புதம் அல்ல, சரியான வழிமுறைகளைச் சரியாகப் பயன்படுத்தினால் வரும் விளைவு என்று 1835ல் வெளியான தன் சொற்பொழிவுகளில் வாதாடினார். விதைத்தால் முளைக்கிற மாதிரி.

அந்தக் காலத்திலேயே எதிர்ப்பும் இருந்தது. ஜான் நெவின் என்ற இறையியலாளர் 1843ல் அந்தப் பெஞ்சைத் தாக்கியே ஒரு சிறு நூல் எழுதினார். பெஞ்சுக்கு வந்தவர்களை எண்ணுவது சுலபம். வீட்டிலும் சபையிலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து வளர்க்கும் வேலைக்கு எண்ணிக்கை கிடையாது. முதலாவது வந்தால் இரண்டாவது மெல்லச் செத்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1847ல் ஹாரஸ் புஷ்னெல் இன்னும் ஒருபடி போனார்: கிறிஸ்தவ வீட்டில் வளரும் பிள்ளைக்கு "நான் எந்த நாளில் மாறினேன்" என்று சொல்ல ஒரு நாளே தேவையில்லை, அது விசுவாசத்திலேயே வளரட்டும் என்றார்.

அவர்கள் வாதத்தில் ஜெயித்தார்களோ என்னவோ, கேம்ப்பில் ஜெயித்தது பெஞ்சுதான். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் விஞ்ஞானமும் கை கொடுத்தது. எட்வின் ஸ்டார்பக் என்ற உளவியலாளர் கேள்வித்தாள் அனுப்பி, மனமாற்றம் எந்த வயதில் நடந்தது என்று கணக்கெடுத்து 1899ல் புத்தகமாக்கினார். பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் என்று வந்தது. 1904ல் அவருடைய ஆசிரியர் ஸ்டான்லி ஹால் அந்தப் பருவத்தைப் பற்றியே இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். ஊழியக்காரர்களுக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் எளிமையானது: இந்த வயதில் பிடித்தால் பிடித்ததுதான், விட்டால் போச்சு. எங்கள் ஜெராக்ஸ் தாளிலும் கிட்டத்தட்ட அதே வரி இருந்தது. ஸ்டார்பக் பெயர்தான் இல்லை.

ஆனால் அந்த வயதுப் பையன் எதற்கெல்லாம் வளைவான் என்பதும் அதே கணக்கில்தானே அடங்கியிருக்கிறது? வீட்டைவிட்டு மூன்று நாள், தூக்கம் குறைவு, கூடப்படிக்கிறவன் அழுகிறான், நம்பிக்கையான அண்ணன் தோளில் கை வைக்கிறான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். பயிற்சி கொடுத்தவர்கள் அதன் முதல் பாதியை மட்டும் எங்களுக்குச் சொன்னார்கள்.

*

எங்கள் மூன்றாம் இரவில் என் எட்டுப் பேரில் ஏழு பேர் கை தூக்கினார்கள். அட்டை நிரப்பும்போது ஒருவன் என் காதில் கேட்டான்: "அண்ணே, நான் போன வருசமும் தூக்குனேன், அதுக்கு முந்துன வருசமும் தூக்குனேன். மறுபடி எண்ணுவாகளா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணினார்கள். மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளர் வைத்திருந்த நோட்டில் என் அறைக்கு நேராக 7 என்று எழுதினேன். அந்தத் தொகைதான் காணிக்கை கொடுத்தவர்களுக்குப் போகும் கடிதத்தில் அச்சாகும்.

கூட்டம் முடிந்து கேம்ப் ஃபயர். ஒவ்வொருவனும் தன் பாவங்களை ஒரு காகிதத்தில் எழுதி, யாருக்கும் காட்டாமல் மடித்து, தீயில் போட வேண்டும். போட்டதும் கை தட்டுவோம். கை தூக்காத அந்த எட்டாவது பையனும் எழுதினான். போடவில்லை. என் பக்கத்தில் வந்து காகிதத்தை நீட்டி, "நீங்க படிச்சிட்டுப் போட்டுருங்கண்ணே" என்றான்.

நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள். பென்சில் எழுத்து. அம்மாவிடம் பொய் சொன்னது என்று ஒரே ஒரு பாவம். முதுகில் இருப்பது கீழே விழுந்ததில் ஆன காயம் என்று சொல்லிவிட்டானாம். கீழே, கணக்குக்கு விடை எழுதுகிற மாதிரி, உண்மை என்ன என்று எழுதியிருந்தான். அவன் தங்கிப்படிக்கும் விடுதியில் படுக்கையை நனைக்கிற பையன்களை ராத்திரி எழுப்பி, கேபிள் ஒயரால் அடிப்பார்கள். வார்டன்தான். சின்ன வகுப்புப் பையன்களுக்கும் விழும். இது வெளியே தெரிந்தால் இலவசமாகச் சேர்த்த இடம் போய்விடும் என்று அவனுக்குப் பயம். அப்பா இல்லை.

மூன்று நாளாக அவன் மட்டும் பனியனோடு குளித்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. குளிருக்கு என்று நான் நினைத்திருந்தேன். கிண்டலும் செய்திருந்தேன்.

நான் காகிதத்தைத் தீயில் போடவில்லை. பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்ற விதி ஒருபக்கம். சொல்லாமல் எப்படி என்பது இன்னொரு பக்கம். ராத்திரி ஒரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் அறைக் கதவைத் தட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. கட்டணம் கட்ட முடியாத பையன்கள் பலருக்குத் தன் சம்பளத்திலிருந்து கட்டியவர். காகிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "அந்த விடுதியை நடத்துறவங்க நம்ம ஆட்கள், தம்பி. இது வெளியே போனா ஊழியத்துக்குத்தான் அவப்பேரு. நாளைக்கு ஒரு பிள்ளையையும் நம்மகிட்ட அனுப்ப மாட்டாங்க. நான் பக்குவமாப் பேசிக்கிடுதேன். நீ அந்தப் பையனுக்காக ஜெபம் பண்ணு. இந்தக் காகிதத்தை வச்சிருக்காத."

காலையில் வெந்நீர் அண்டாவுக்குக் கீழே சவுக்கு விறகு எரிந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பையன்களுக்கு முன்னால், ஒன்றும் நடக்காத மாதிரி, அதை அடுப்பில் போட்டேன். அந்தப் பையனும் வாளியோடு வரிசையில்தான் நின்றான். பார்த்தான். பாவம் எரிந்துவிட்டது என்று நினைத்தானோ, வேறென்ன நினைத்தானோ, தெரியாது. "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றான். ஊற்றினேன்.

ஒருங்கிணைப்பாளர் பேசினாரா என்று நான் கேட்கவில்லை. பேசியிருப்பார் என்று நம்புவது வசதியாக இருந்தது.

*

2024 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பேராயர், கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி, பதவி விலகுகிறார். காரணம் ஒரு கிறிஸ்தவக் கோடைக் கேம்ப்.

கதை 1930களில் தொடங்குகிறது. ஸ்பியர்ஸ் தொடங்கிய அதே சிறுவர் ஊழிய அமைப்பில் பணியாளராகச் சேர்ந்த எரிக் நாஷ் என்ற போதகர், இங்கிலாந்தின் உயர்தரப் பள்ளிகளில் படிக்கும் பையன்களுக்கென்று மட்டும் கேம்ப் நடத்தினார். நாட்டை ஆளப்போகிறவர்களைப் பிடித்தால் நாட்டையே பிடிக்கலாம் என்பது திட்டம். பிறகு டார்செட்டில் ஐவர்ன் மின்ஸ்டர் என்ற ஊரில் நடந்ததால் ஐவர்ன் கேம்ப் என்று பெயர். அங்கே தலைவருக்குப் பெயர் கமாண்டன்ட். எங்கள் மாதிரி கவுன்சிலர்களுக்குப் பெயர் ஆபீசர். 1861ன் ராணுவ ஜாடை அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

1970களில் ஐவர்ன் அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர் ஜான் ஸ்மித் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர். கேம்ப்பில் நெருக்கமான பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்கு வரவழைத்து, பாவத்துக்குத் தண்டனை என்று ரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்தார். பையன்கள் தங்கள் பாவத்தை அறிக்கையிட்டார்கள், இவர் அடித்தார். 1982ல் மார்க் ரஸ்டன் என்ற போதகர் விசாரித்து ரகசிய அறிக்கை ஒன்று எழுதினார். நடந்தது குற்றம் என்று அதை வாசித்தவர்களுக்குத் தெரிந்தது. போலீசுக்குப் போகவில்லை. வெளியே தெரிந்தால் தேவனுடைய வேலைக்குப் பெரிய சேதம் வரும் என்று நினைத்ததாக அந்த வட்டத்தின் தலைவர் ஒருவர் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

ஸ்மித் 1984ல் ஜிம்பாப்வே போனார். அங்கேயும் பையன்களுக்குக் கேம்ப் நடத்தினார். அங்கேயும் அடித்தார். 1992 டிசம்பரில் அவருடைய கேம்ப் ஒன்றில் 16 வயதுப் பையன் நீச்சல்குளத்தில் இறந்து கிடந்தான். வழக்கு நிற்கவில்லை. 2017 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சிச் செய்திதான் எல்லாவற்றையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஒரு நாளும் கூண்டில் ஏறாமல் 2018ல் ஸ்மித் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். 2024ல் வெளியான மேக்கின் ஆய்வறிக்கை, பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கு மேல் என்று கணக்கிட்டது. 2013ல் தகவல் வந்தபோது வெல்பி இன்னும் செய்திருக்க முடியும், செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. வெல்பியே இளம் வயதில் அந்தக் கேம்ப்பில் டார்மிட்டரி ஆபீசராக இருந்தவர்.

திருநெல்வேலி வீட்டில் போனில் இதைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஸ்மித்தை விட ரஸ்டன்தான் கண்ணில் நின்றார். ஸ்மித் மாதிரி ஆட்கள் குறைவு. அவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ரஸ்டன் நல்லவர். கேட்டார், நம்பினார், எழுதினார், பிறகு மடித்து வைத்தார். நான் மடித்துக்கூட வைக்கவில்லை.

அன்று ராத்திரிதான் தேட ஆரம்பித்தேன். கன், டட்லி, ஃபின்னி, ஸ்டார்பக் எல்லாம் அப்படி வந்தவர்கள். அந்த விடுதியையும் தேடினேன். மூடி ஆறேழு வருஷம் ஆகிறது என்றார்கள். அந்தப் பையனின் முழுப்பெயர்கூட எனக்கு நினைவில்லை. தீர்மான அட்டையில் இருந்திருக்கும். ஆனால் அவன் கை தூக்கவில்லையே, அவனுக்கு அட்டையே கிடையாது.

*

தேடும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் குறுக்கே வந்தார். 1874ல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா முழுக்க இளைஞர்களிடையே சுற்றியவர். 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கத்திய தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து வெளியூருக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்து, அடுத்த வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

1910ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியதுதான் எனக்கு முக்கியம். வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த மண்டபத்தில் நின்று, நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகத்துக்கெல்லாம் நன்றி, ஆனால் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் நட்பு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மேலே நின்றுகொண்டு கொடுக்கிற அன்பு போதாது, பக்கத்தில் உட்காருகிற சிநேகிதன் வேண்டும் என்பது அதன் பொருள். மண்டபத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை.

காகிதத்தை நீட்டிய பையன் கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். அறையில் எட்டுப் பேருக்கு நான் ஆபீசர். அந்த ஒரு நிமிஷம் அவன் என்னைச் சிநேகிதனாக எடுத்துக்கொண்டான். சிநேகிதன் என்றால் என்ன செய்திருப்பான்? எனக்கு 19 வயதுதானே என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவனுக்கு 13.

போன ஏப்ரலில் எங்கள் சேகரத்து ஐயர் என்னைக் கூப்பிட்டார். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் வாலிபர் கேம்ப்புக்கும் வருகிற தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றார். ஒரு நாள் முழுக்க வேண்டும் என்றேன். சரி என்றார். 22 பேர் வந்தார்கள், பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். கன் கதையும் பியர் கடைக் கதையும் சொன்னேன், சிரித்தார்கள். ஐவர்ன் கதை சொன்னேன். பிறகு என் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மாவிடம்கூட நான் அதுவரை சொன்னதில்லை.

எங்கள் பழைய தாளின் கடைசி விதியை மாற்றி எழுதிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை "யார்ட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கினால், முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "உனக்கு ஆபத்துன்னா நான் சொல்லத்தான் செய்வேன், ஆனா உன்னை விட்டுட்டு இல்ல, உன்கூட இருந்தே சொல்லுவேன்." எழுதியதை அழிக்கக்கூடாது. கேட்டதை அதே வார்த்தையில், தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். விஷயம் பாலியல் குற்றம் என்றால் 2012ன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கடமை, தெரிவிக்காமல் இருப்பது குற்றம். விடுதியில் அடி என்றால் அதற்கு 2015ன் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. எதுவும் புரியவில்லை என்றால் 1098க்குக் கூப்பிடுங்கள். அந்த எண் 1996லேயே மும்பையில் தொடங்கியது. 2007ல் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

முடிந்தபின் ஒரு பெண் எழுந்தாள். செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு. "அண்ணே, அப்ப நம்ம சபை ஆளே செஞ்சிருந்தா? ஐயரவாளே சொல்லாதன்னு சொன்னா?" என்று கேட்டாள். ஐயர் அங்கேயேதான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"என்னையும் சேத்து எழுதிக்கிடும்மா" என்றார் அவர்.

அவள் குனிந்து தன் தாளில் எழுதிக்கொண்டாள். கேம்ப் ஃபயரில் காகிதம் எரிக்கும் நிகழ்ச்சி இந்த வருஷம் வேண்டாம் என்று கேட்டேன். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, பையன்களுக்கு அது பிடிக்கும் என்று சொன்னார்கள். கடைசியில் சோளக்கதிர் சுடலாம் என்று முடிவானது.